கடல் கொண்டதும் கடல் தந்ததும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுகதை எழுதினேன். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆய்வுக் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவன், மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வரும் காமிராப் படத்தில் ஒரு கல்தூணைப் பார்க்கிறான். கடைசிப் பத்தியில் அந்தத் தூணில் எழுத்துகள் தெரிகின்றன. அவன் அழுகிறான். அவ்வளவுதான் கதை. நண்பர்கள் பாராட்டினார்கள். "கடைசி வரியில் உடம்பு சிலிர்த்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

அந்தக் கதையை நிஜமாகவே படித்துப் பார்த்த ஒருவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் சந்தித்தேன். தூத்துக்குடிப் பையன். கடலடிக் கேபிள்களைப் பழுதுபார்க்கும் கப்பல் ஒன்றில் வேலை. கப்பல் சிங்கப்பூரில் நிற்கும்போதெல்லாம் சிராங்கூன் சாலைக்கு வந்துவிடுவான். ஞாயிறு மாலை தேக்கா எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். இஞ்சித் தேநீரை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. அம்புட்டு ஆழத்துல தூண் எப்படி நிக்கும்? அங்கன கெடக்கது பூரா சகதி. சகதி இல்லாத எடத்துல கறுப்புக் கல்லு. அதுவும் புதுக் கல்லு."

"புதுக் கல்லுன்னா?"

"நேத்து ஊத்துன மாதிரி இருக்கும். கண்ணாடி கணக்கா மின்னும். கடலுக்கு அடியில எரிமலை இருக்குல்லா, அது கக்குனது. வீடியோவுல பாத்திருக்கேன். நீங்க அதை எழுதலாம்லா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். நான் ஏன் அதை எழுதவில்லை? என்னைவிட நன்றாக எழுதுபவர்களும் ஏன் எழுதவில்லை? தமிழில் ஆழ்கடல் என்றதும் நம் கை ஏன் தானாகவே மூழ்கிய நகரத்துக்குப் போகிறது?

*

முதலில் இருப்பதைப் பார்ப்போம். 'கடல்கோள்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. கடல் எடுத்துக்கொள்வது. இறையனார் களவியல் உரையில் சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல் கொள்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் இழந்த நிலத்துக்கு அளவே கொடுத்துவிடுகிறார்: பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே எழுநூறு காவதம், நாற்பத்தொன்பது நாடுகள். 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரின் லெமூர்களுக்கு விளக்கம் தேடும்போது 'லெமூரியா' என்றொரு கண்டத்தைக் கற்பனை செய்தார். பிறகு இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஜெயமோகனின் 'கொற்றவை' வரை அந்த நிலம் நம் புனைவில் வந்துகொண்டிருக்கிறது.

இந்த ஒட்டுதல் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் சுமதி ராமசாமியின் 'தி லாஸ்ட் லேண்ட் ஆஃப் லெமூரியா' (2004) நூலை அவசியம் படிக்க வேண்டும். லெமூரியா இருந்ததா இல்லையா என்று அவர் வழக்காடவில்லை. அந்தக் கேள்வியைத் தெரிந்தே ஒதுக்கி வைத்துவிட்டு, இல்லாத ஒரு நிலத்தை இழந்ததற்காக மனிதர்கள் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார். பாடப்புத்தகம், வரைபடம், மேடைப்பேச்சு எல்லாவற்றையும் கிண்டல் இல்லாமல் வாசிக்கிறார். 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் திரையிடப்பட்ட, ப. நீலகண்டன் இயக்கிய குமரிக்கண்ட ஆவணப்படம் பற்றி அறிந்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் இந்தப் புத்தகம் சிரிக்க விடாது. இழப்பு என்பது தானாக நிகழ்வதில்லை, அதை ஒரு சமூகம் வேலை மெனக்கெட்டுச் செய்கிறது என்ற அவருடைய பார்வை எனக்கு இன்னும் முக்கியமானது. என் சிறுகதையும் அந்த உழைப்பில் ஒரு நாள் கூலிதான்.

இருந்தாலும் இந்த நூலோடு எனக்கு ஒரு குறை உண்டு. 'இருந்ததா இல்லையா' என்ற கேள்வியை ஒதுக்குவது வரலாற்றாசிரியருக்குச் சரி. கதை எழுதுபவனுக்கு அது போதாது. நான் ஒதுக்கிவிட்டால் கடலின் அடித்தளம் எனக்கு வெறும் காலித் திரையாகிவிடும், என்ன படம் வேண்டுமானாலும் ஓட்டலாம். அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு அழகியல் கேள்வியும்கூட.

*

அந்தத் திரையில் முதல் உண்மையான படத்தை வரைந்தவர் மேரி தார்ப். அமெரிக்கப் புவியியலாளர். அந்தக் காலத்தில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கப்பலில் போன ப்ரூஸ் ஹீசன் முதலானோர் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்து, கரையில் மேசைமுன் உட்கார்ந்து வரைந்தார். 1950-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். 'பொம்பளைப் பேச்சு' என்ற தொனியில் ஹீசன் அதைத் தள்ளிவிட்டார். கடைசியில் தார்ப் சொன்னதே சரி என்று ஆனது. அந்தப் பிளவில்தான் பூமி பிரிந்து, அடியிலிருந்து எரிகுழம்பு மேலே வந்து, புதுத் தரை பிறக்கிறது. இந்த மலைத்தொடர் எல்லாக் கடல்களிலும் சேர்ந்து சுமார் 65,000 கிலோமீட்டர் நீள்கிறது.

இந்த இருவரும் தந்த தரவுகளைக் கொண்டு ஹைன்ரிஹ் பெரான் என்ற ஆஸ்திரிய ஓவியர் தீட்டிய இந்தியப் பெருங்கடல் அடித்தள வரைபடம் 1967 அக்டோபரில் நேஷனல் ஜியாகிரஃபிக்கில் வந்தது. அதைப் பெரிதாக்கி கணினித் திரையில் பார்த்துப் பாருங்கள். நம் குமரிமுனைக்குக் கீழே நாற்பத்தொன்பது நாடுகளைக் காணோம். வெகு தெற்கே ஒரு மலைத்தொடர் மூன்றாகப் பிரிகிறது, பனை மட்டை கிழிந்த மாதிரி. கன்னியாகுமரிக்கும் அதற்கும் நடுவே இருக்கும் ஆழ்கடல் தரை, இந்தியா வடக்கே நகர நகரப் பின்னால் ஊறி உறைந்த எரிமலைப் பாறை. நாம் இழந்ததாக நினைக்கும் இடத்தில் நமக்குப் பின்னால் புதிதாகத் தரை உருவாகிக்கொண்டிருந்தது.

தார்ப்பைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தரவே இல்லாத இடங்களில் பழைய வரைபடக்காரர்களைப் போலக் கடற்கன்னிகளையும் உடைந்த கப்பல்களையும் வரைய அவருக்கு ஆசை இருந்ததாம். ஹீசன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, அவருக்கும் கற்பனை இருந்தது. சொல்லப்போனால் இரண்டு அளவுகளுக்கு நடுவே இருந்த வெற்றிடம் முழுவதையும் அவர் கற்பனையால்தான் நிரப்பினார். ஆனால் அடுத்த கப்பல் கொண்டுவரும் அளவு தன் கோட்டை அழித்துவிடலாம் என்று தெரிந்தே வரைந்தார். என் கதையில் அப்படி அழிக்கக்கூடிய கோடு ஒன்றுகூட இல்லை. தூண் நின்றது, ஏனென்றால் நான் நிற்க வைத்தேன்.

*

இப்போது அந்தப் புதுக் கல்லுக்கு வருகிறேன்.

2018 மே மாதம், மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே உள்ள மாயோத் தீவு நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். மக்கள் பயந்து வீட்டுக்கு வெளியே படுத்தார்கள். நவம்பர் 11 அன்று அங்கிருந்து ஒரு மந்தமான அதிர்வு கிளம்பி, சுமார் இருபது நிமிடம் உலகம் முழுக்க இருந்த நிலநடுக்கமானிகளில் பதிவானது, பெரிய கோயில் மணியை அடித்துவிட்டு விட்டமாதிரி. காரணம் யாருக்கும் தெரியவில்லை. 2019 மே மாதம் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் கப்பல் போய் ஒலியலைகளால் கடல் தரையை அளந்தது. 2014-இல் எடுத்த பழைய அளவோடு ஒப்பிட்டார்கள். முன்பு சமதரையாக இருந்த இடத்தில், சுமார் 3,500 மீட்டர் ஆழத்தில், 800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒரு மலை நின்றிருந்தது. தீவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மலை பிறந்ததை ஒரு மனிதனும் கண்ணால் பார்க்கவில்லை.

எனக்கு உறைத்த விஷயம் வேறு. அதே காலத்தில் மாயோத் தீவு பத்து சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கீழே இறங்கியது. தீவுக்கு அடியில் இருந்த எரிகுழம்பு வெளியேறி அந்த மலையாக மாறியதால் மேலே இருந்த நிலம் தாழ்ந்தது. கரையில் நின்று பார்ப்பவனுக்கு அது கடல்கோள். அடியில் நின்று பார்க்க முடிந்தால் அது மலைப்பிறப்பு. இரண்டும் ஒரே செயல். நம் இலக்கியம் ஆயிரம் வருடமாகக் கரையில் மட்டுமே நின்றுகொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அதுவும் எங்கே நடக்கிறது இது? ஸ்கிளேட்டர் தன் லெமூரியாவை வைத்த அதே மடகாஸ்கர் பக்கம்.

ஆழத்தில் எரிமலை வெடிப்பது என்றால் சினிமாவில் வருவதுபோல் தீப்பிழம்பும் புகையும் இல்லை. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் அழுத்தம் ஏறும். மூவாயிரம் மீட்டரில் முந்நூறு மடங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் நீராவியாகிச் சிதற முடியாது. வாயுக்களும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். குழம்பு பிதுங்கி வரும், குளிர்நீர் பட்டதும் மேல்தோல் கண்ணாடியாக உறையும், உள்ளே இன்னும் கொதிக்கும், ஒரு பக்கம் வெடித்து அடுத்த உருண்டை பிதுங்கும். இப்படி உருவாவதைத் தலையணைப் பாறை என்கிறார்கள். பூமியின் எரிமலைக் குழம்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இப்படிக் கடலுக்கு அடியில்தான் வருகிறது என்று மதிப்பிடுகிறார்கள். நாம் எரிமலை என்று படம் வரைவது மிச்சமிருக்கும் சின்னப் பங்கை.

பார்க்க முடியாத இதை எப்படிப் படிக்கிறார்கள்? பெரும்பாலும் கேட்டுத்தான். கடலில் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஒலி சிதறாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். 1993-இல் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளை வேவு பார்க்க வைத்திருந்த ஒலிவாங்கிகளைக் கொண்டு, ஓரிகன் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் ஒரு வெடிப்பு நடக்கும்போதே கேட்டார்கள். அதே பகுதியில் ஆக்ஸியல் என்ற கடலடி எரிமலை இருக்கிறது. 1998, 2011, 2015 என்று மூன்று முறை வெடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது கேபிள் இழுத்து, கரையில் உட்கார்ந்தே அது வீங்குவதையும் சுருங்குவதையும் அளக்கிறார்கள்.

1998-இல் அங்கே ஒரு கருவிக்கு நடந்ததைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கடல் தரையில் வைத்திருந்த அளவுக்கருவி ஒன்று எரிகுழம்பில் மாட்டிக்கொண்டது. குழம்பு அதன் கீழே பரவி, உறைந்த மேல்தோலோடு சேர்த்து அதைச் சுமார் மூன்று மீட்டர் மேலே தூக்கி, பிறகு வடிந்து கீழே இறக்கியது. கால்கள் பாறைக்குள் சிக்கிவிட்டன. அடுத்த வருடம் ஒரு கப்பல் போய் அதைப் பிடுங்கி எடுத்தபோது உள்ளே எல்லாம் பதிவாகியிருந்தது, தான் ஏறியதும் இறங்கியதும். இருட்டில், தனியாக, கால் மாட்டிக்கொண்ட நிலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒன்று. என் கதாநாயகன் தூணைப் பார்த்து அழுததைவிட இதில் கதை அதிகம்.

*

தமிழில் இவையெல்லாம் செய்தியாக வராமல் இல்லை. எப்படி வருகின்றன என்பதுதான் சிக்கல். 2013-இலும் 2017-இலும் மொரீசியஸ் பற்றிய ஆய்வுகள் வந்தன. மொரீசியஸ் எரிமலைத் தீவு, அதன் பாறைகளுக்கு வயது தொண்ணூறு லட்சம் வருடத்துக்குள்தான். ஆனால் அங்கே எடுத்த சிர்க்கான் மணிகளில் சிலவற்றுக்கு முந்நூறு கோடி வருடம். அடியில் புதைந்திருக்கும் பழைய கண்டத் துண்டு ஒன்றின் மணிகளை எரிமலை மேலே கொண்டுவந்திருக்கிறது என்றார்கள். என் வாட்ஸாப் குழுக்களில் அன்று மாலைக்குள் அது 'குமரிக்கண்டம் கண்டுபிடிப்பு' ஆகிவிட்டது. அந்தத் துண்டு பிரிந்தது மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி வருடம் முன்பு என்ற ஒரு வரி மட்டும் வழியிலேயே கழன்று விழுந்திருந்தது. கழற்றிய கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். என் கையும் அதேமாதிரிதான்.

இவ்வளவுக்கும் நம்மிடம் சொல் இல்லை என்று சொல்ல முடியாது. வடவை என்றொரு சொல் இருக்கிறது. கடலுக்கடியில் பெண்குதிரை முகத்தோடு எரியும் தீ. மகாபாரதத்தில் அதன் கதை வருகிறது: தன் குலத்தைக் கொன்றவர்கள்மேல் ஔர்வ முனிவருக்கு வந்த கோபம் உலகையே எரித்துவிடும் போலிருக்க, முன்னோர் வந்து சமாதானம் சொல்லி அந்தத் தீயைக் கடலில் விடச் செய்கிறார்கள். அது அங்கே தண்ணீரைக் குடித்தபடி எரிகிறது. தமிழ்க் காவியங்களிலும் வடவைத்தீ அடிக்கடி வரும், அநேகமாக உவமையாக, அழிவுக்கும் சினத்துக்கும். கடலடியில் நெருப்பு என்ற படிமம் நம் கையிலேயே இருந்திருக்கிறது. நாம் அதைப் பேரழிவுக்கான உவமையாகவே வைத்துக்கொண்டு, கடல்கோளை மட்டும் வரலாறாக எடுத்துக்கொண்டோம்.

நம் கடலிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அந்தமானில் உள்ள பேரன் தீவு இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை என்று பள்ளியில் படித்திருப்போம். தண்ணீருக்கு மேலே தெரிவது முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். அடிவாரம் சுமார் இரண்டு கிலோமீட்டர் கீழே. அதன் தெற்கே சுமத்ரா வரை போகும் வரிசையில் கடலடி எரிமலைகள் இருப்பதைக் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் அளந்து காட்டியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிப் பினாங்கு வழியாக இந்த ஊருக்கு வந்த நம் முன்னோர் அந்த வரிசையைக் கடந்துதான் வந்தார்கள். கப்பல் பயணம் பற்றி இங்கே எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. வாந்தி, பிரிவு, கறுப்புத் தண்ணீர் எல்லாம் வந்திருக்கின்றன. கப்பலுக்குக் கீழே என்ன இருந்தது என்று எழுதியதை நான் படித்ததில்லை.

*

சரி, இதெல்லாம் அறிவியல் தகவல், இலக்கியத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் உட்கார்ந்து எழுதுபவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

கலித்தொகையில் ஒரு முல்லைப் பாட்டு உண்டு. கடல் பாண்டியனின் நிலத்தைக் கொள்கிறது. அவன் சோர்ந்து உட்காரவில்லை; பகைவர் நாட்டுக்குப் போய்ப் புலியையும் வில்லையும் நீக்கிவிட்டுத் தன் மீனைப் பொறிக்கிறான். குமரிக்கண்டம் பேசுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். இழந்தவன் இன்னொருவனிடமிருந்து எடுத்து ஈடுகட்டினான் என்ற இரண்டாம் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இழப்பை மட்டும் பேசினால் நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள். அது சுகமான இடம்.

நான் வாழும் இந்தத் தீவு கடலிடமிருந்து எடுத்துக்கொண்ட ஊர். 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டர் இருந்தது, இன்று 730-க்கு மேல். தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள பீச் ரோட்டில் பீச் இல்லை. கடல் தள்ளிப் போய்விட்டது, தள்ளப்பட்டது. அதற்கான மணலில் நிறைய அண்டை நாடுகளின் கடல் தரையிலிருந்து தோண்டியது. இந்தோனேசியாவின் நிப்பா தீவு மணல் அள்ளியதால் கரைந்து கிட்டத்தட்ட மூழ்கும் நிலைக்குப் போனது. 2003-இல் அந்த நாடு கடல்மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது. அதாவது இங்கே நிலம் பிறந்த அதே செயலில் அங்கே ஒரு கடல்கோள். மாயோத்தின் கணக்குதான், எரிகுழம்புக்குப் பதில் மணல். அந்த மணலைக் கொட்டி நிரவிய வேலையில் நம் ஊர்க்காரர்களின் கையும் இருந்திருக்கிறது. ஞாயிறு மாலை தேக்காவில் என் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தரையில் நின்று வேலை செய்தவர்களோ.

இவ்வளவும் கண்முன்னால் இருக்க, நான் என்ன எழுதினேன்? கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு தூண். கண்ணீர். என் கதையின் உண்மையான குற்றம் அறிவியல் பிழை இல்லை. எல்லாக் கதைக்கும் புவியியல் சரியாக இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். நான் நிற்கும் தரையைப் பற்றிக் கேள்வி கேட்காமல் தப்பிக்க அந்த மூழ்கிய நகரம் எனக்கு உதவியது. அதுதான் குற்றம். நல்ல கற்பனை எழுதுபவனை இப்படித் தப்பிக்க விடாது.

இளம் எழுத்தாளர்கள் இனி கடலடி எரிமலையைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் ஆணையிடவில்லை. தலையணைப் பாறையை வைத்துக்கொண்டும் மோசமான கதை எழுதலாம். நான் கேட்பது ஒன்றுதான். கடலைப் பற்றி அடுத்த வரி எழுதும்முன், அந்த வரியை அழிக்கக்கூடிய ஒரு அளவு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் தேடவில்லை.

அன்று தேக்காவில் அவன் இன்னொன்றும் சொன்னான். 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் ஹுங்கா எரிமலை வெடித்தது. அதன் வாய் அதிக ஆழத்தில் இல்லை, அதனால்தான் அவ்வளவு பெரிய வெடிப்பு. ஆனால் அது கக்கிய சாம்பலும் கல்லும் கடல் தரையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடிக் கேபிள்களை அறுத்தன. அந்த நாட்டுக்கு வெளியுலகத் தொடர்பு முழுதாகத் திரும்ப ஐந்து வாரம் ஆனது.

"அறுந்த கேபிளை எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஊர்ல கெணத்துல வாளி விழுந்தா பாதாளக்கரண்டி போட்டு எடுப்பம்லா? அதே கதைதான் அண்ணாச்சி. பெரிய கொக்கி, நீளக் கயிறு. கப்பலை மெதுவா இழுத்துக்கிட்டே போவோம். மாட்டுற வரைக்கும் போகணும்."

"மாட்டலைன்னா?"

"திரும்ப வந்து இன்னொரு வாட்டி இழுக்கணும். வேற என்ன செய்ய?"

அவன் கப்பல் மறுநாள் கிளம்பிவிட்டது. அந்தக் கதையை என் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.